சிஎஸ்வியில் சேமித்த க்யூபிட் முடிவுகளில் பூஜ்ஜியங்களைக் காணவில்லை

சுழி_ஒன்று:
கிஸ்கிட்டில் (ஐபிஎம்மின் குவாண்டம் நிரல் நூலகம்) 5 க்யூபிட் (குவாண்டம் பிட்) ஜிஹெச்இசட் சர்க்யூட் ஒன்று, அதாவது எல்லா க்யூபிட்டும் சேர்ந்து 0 அல்லது சேர்ந்து 1 என்று வர வேண்டியது, எழுதி, நிஜ இயந்திரத்தில் 4096 ஷாட், அதாவது 4096 முறை, ஓட்டினேன். எந்த விடை எத்தனை முறை வந்தது என்று கெட்_கவுண்ட்ஸ் தந்த டிக்‌ஷனரியை அப்படியே சிஎஸ்வியாக எழுதி வைத்துவிட்டு, மறுநாள் பாண்டாஸில் (பைத்தானின் அட்டவணை நூலகம்) திறந்தால் '00000' என்ற சாவியே இல்லை, கீ எரர் வருகிறது. அச்சிட்டுப் பார்த்தால் 0, 1, 10, 1111, 11111 என்று என்னென்னவோ நிற்கிறது. சரி, இதையாவது ஏதோ செய்து சமாளிக்கலாம். ஆனால் சந்தேகம் வந்து 0ஆவது க்யூபிட்டில் மட்டும் 0-வை 1 ஆக்கும் ஒரு எக்ஸ் கேட் போட்டு சிமுலேட்டரில் ஓட்டினேன், '10000' வரும் என்று பார்த்தால் '00001' வருகிறது. என் கோடு தப்பா, நான் புரிந்துகொண்டது தப்பா? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், முதல் 2000 ஷாட்டையும் கடைசி 2000 ஷாட்டையும் தனித்தனியாக ஒப்பிட முடியுமா?

தூங்காமூஞ்சி:
முதல் பிரச்சினைக்கும் குவாண்டத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது பாண்டாஸ் வேலை. ஒரு பத்தியில் வெறும் இலக்கங்களாக இருந்தால் அது எண் என்றே எடுத்துக்கொள்ளும், '00010' பத்தாகிவிடும். ரீட்_சிஎஸ்வியில் அந்தப் பத்திக்கு டிடைப் ஸ்ட்ரிங் (எண் அல்ல, எழுத்துத் தொடர்) என்று சொல்லிவிடுங்கள். கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், பூஜ்ஜியங்கள் அங்கேயே இருக்கும். எக்செல்லில் திறந்து சேமித்துத் தொலைத்திருந்தால்தான் நிஜமாகவே போயிருக்கும். அப்போதும் கவலையில்லை, அகலம் 5 என்று உங்களுக்குத் தெரியும், ஸெட்ஃபில்(5) போட்டால் முன்னால் பூஜ்ஜியங்கள் திரும்ப வந்துவிடும். ஆனால் நாளைக்கு 127 க்யூபிட்டில் இதையே செய்யாதீர்கள், எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது, மீதியைப் பூஜ்ஜியமாக்கிவிடும், அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

பழையகோடு:
இரண்டாவது கேள்விக்கு: உங்கள் கோடு சரிதான். கிஸ்கிட்டில் 0ஆவது க்யூபிட் வலது ஓரத்தில் இருக்கும். எண் எழுதும்போது ஒன்றாம் இடம் வலப்பக்கம் வருகிறதே, அதே கணக்கு. சர்க்கில் (கூகுளின் குவாண்டம் நூலகம்) இது தலைகீழ், அங்கே முதல் க்யூபிட் இடது பக்கம். இரண்டிலும் ஓட்டி ஒப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் விழுந்து எழுந்தவர்கள்தான்.

என் கதையைச் சொல்கிறேன். ஸ்ட்ரிங்கைத் திருப்பும் [::-1]-ஐ, கோப்பைப் படிக்கும் ஃபங்ஷனில் ஒருமுறை போட்டேன், அதை மறந்துவிட்டுப் படம் வரையும் ஃபங்ஷனில் இன்னொருமுறை போட்டேன், இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டன. சோதித்ததும் ஜிஹெச்இசட்டில், அதில் 00000, 11111 இரண்டையும் எந்தப் பக்கம் திருப்பினாலும் அதேதான், எல்லாம் சரி என்று நம்பிவிட்டேன். பிறகு வேறு சர்க்யூட்டுக்குப் போய் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். நீங்கள் ஒற்றை எக்ஸ் கேட் போட்டுப் பார்த்தது நல்ல சோதனை, அதை விடாதீர்கள். சேமிக்கும்போது திருப்பவே வேண்டாம், வந்தபடியே வையுங்கள், கண்ணால் பார்க்கும் இடத்தில் மட்டும் ஒருமுறை திருப்பினால் போதும்.

மூன்றாவதற்கு: கவுண்ட்ஸில் அது முடியாது. எது எத்தனை முறை வந்தது என்று எண்ணியதுமே எந்த ஷாட்டில் வந்தது என்பது போய்விட்டது. சர்க்யூட்டை ஓட்ட கிஸ்கிட்டின் சாம்ப்ளர் வி2 பயன்படுத்தினால் முடிவு பிட்அரே என்ற வடிவில் வரும், அதில் கெட்_பிட்ஸ்ட்ரிங்ஸ் கேளுங்கள், ஷாட் வரிசையிலேயே 4096 ஸ்ட்ரிங் கிடைக்கும். உள்ளே பைட்டுகளாகச் சுருக்கி வைத்திருக்கும் நம்பை அரேயும் உண்டு, எனக்கு அதைச் சேமிப்பதுதான் பிடிக்கும். 127 க்யூபிட் என்றால் ஒரு ஷாட்டுக்கு 16 பைட், 4096 ஷாட்டுக்கு 64 கேபி. ஸ்ட்ரிங்காக எழுதினால் அதே முடிவு 5 லட்சம் எழுத்தைத் தாண்டும். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது, பிட் எண்ணிக்கையையும் கூடவே எழுதி வையுங்கள். 5 பிட்டும் ஒரு பைட்தான், 8 பிட்டும் ஒரு பைட்தான், அரேயை மட்டும் பார்த்து எது என்று கண்டுபிடிக்க முடியாது.

தூங்காமூஞ்சி:
கூடவே ஜாப் ஐடி, இயந்திரத்தின் பெயர், தேதி, டிரான்ஸ்பைல் ஆன (அந்த இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றிய) சர்க்யூட். கருவியின் பிழை விகிதம் நாளுக்கு நாள் மாறும், தேதி இல்லாத முடிவை வைத்து ஒன்றும் பேச முடியாது. பிக்கிள் செய்து (பைத்தான் பொருளை அப்படியே கோப்பாக்கி) வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள், வேண்டாம், கிஸ்கிட் பதிப்பு மாறினால் திறக்காமல் போகலாம்.

சுழி_ஒன்று:
நோட்பேடில் பார்த்தேன், பூஜ்ஜியங்கள் இருக்கின்றன, உயிர் வந்தது. பிட்அரேயை எடுக்கப் போனால் டேட்டாவில் 'மெஸ்' என்று ஒன்று இல்லை என்கிறதே? இன்னொரு சர்க்யூட்டில் நடுவிலேயே அளப்பதற்கு இரண்டு ரிஜிஸ்டர் (அளந்த பிட்டுகள் போய் உட்காரும் இடம்) வைத்திருக்கிறேன், அதற்கு இரண்டு கவுண்ட்ஸ் தனித்தனியாகச் சேமித்தால் போதும்தானே?

பழையகோடு:
எல்லா க்யூபிட்டையும் அளக்கும் மெஷர்_ஆல் போட்டால்தான் அந்தப் பெயர். ரிஜிஸ்டரை நீங்களே உருவாக்கியிருந்தால் நீங்கள் வைத்த பெயர். குவாண்டம்சர்க்யூட்(5, 5) என்று மட்டும் எழுதியிருந்தால் 'சி'.

இரண்டு கவுண்ட்ஸ் தனித்தனியாகப் போதாது. முதல் ரிஜிஸ்டரில் 1 வந்த ஷாட்டுகளில் இரண்டாவதில் என்ன வந்தது என்பதுதான் நடுவில் அளப்பதன் நோக்கமே. இதில் 2000 முறை 1, அதில் 2000 முறை 1 என்று எழுதி வைத்தால், அந்த 2000மும் இந்த 2000மும் ஒரே ஷாட்டுகளா என்று யாருக்குத் தெரியும்? இரண்டு பிட்அரேயிலும் ஷாட் எண் ஒன்றுக்கொன்று பொருந்தும், ஆகவே இரண்டையும் ஷாட் வாரியாகவே வையுங்கள், எண்ணுவதைக் கடைசியில் செய்துகொள்ளலாம்.

சுழி_ஒன்று:
அய்யோ, போன வாரம் ஓட்டியது முழுக்க அப்படித்தான் எண்ணி வைத்திருக்கிறேன். நல்லவேளை ஜாப் ஐடிகள் டெர்மினலில் இன்னும் இருக்கின்றன, இன்று ராத்திரி ஒவ்வொன்றாகத் திரும்ப இறக்கிக்கொள்கிறேன்.