வாம்பிரெல்லாவும் இரண்டு விமான விபத்துகளும்

இங்கே பலரும் அட்டைப்படத்தையும் அந்தச் சிவப்பு உடையையும் பார்த்துத்தான் அமெரிக்க காமிக்ஸின் ரத்தக்காட்டேரி நாயகி வாம்பிரெல்லா பக்கம் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான் வந்த வழி வேறு. 2019இல் அவளுடைய ஐம்பதாவது ஆண்டுக்காக டைனமைட் பதிப்பகம் மறுபடி முதல் இதழிலிருந்து தொடங்கியதே, கிறிஸ்டோபர் பிரீஸ்ட் எழுதி எர்குன் குண்டுஸ் வரைந்தது, அதைத்தான் முதலில் படித்தேன். அதற்கு முன் பழையதில் ஒரு பக்கம்கூடப் பார்த்ததில்லை.

விமான விபத்தில் பிழைத்த ஒரே ஆள் அவள். அந்த நினைவைத் தாங்க முடியாமல் மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து பேசுகிறாள். டிராகுலான் என்ற கிரகத்தில் பிறந்தேன், அங்கே ஆற்றில் ரத்தம் ஓடும் என்கிறாள், எதிரே இருப்பவரோ இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைக்கிறார். கதை முன்னும் பின்னும் தாவும். எனக்குத் தலை சுற்றியது, இரண்டு இதழோடு மூடி வைத்துவிட்டேன். அப்புறம் அப்பா இறந்து சில வாரம் கழித்து, தூக்கம் வராத ஒரு ராத்திரியில் மறுபடி எடுத்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்ல வாய் வராது என்பது அதற்குள் எனக்கே தெரிந்திருந்தது. விடியும்வரை படித்தேன்.

போன வருஷம் டொராண்டோவிலிருந்து வந்த அக்கா அவளை முதலில் வெளியிட்ட வாரன் பதிப்பகத்தின் பழைய இதழ்களின் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். 1969 செப்டம்பரில் வந்த முதல் இதழ் அதில் இருக்கிறது. கறுப்பு வெள்ளை, பத்திரிகை அளவு. 1954இல் வந்த தணிக்கை விதி சாதாரண காமிக்ஸில் ரத்தக்காட்டேரியே வரக் கூடாது என்றது, பத்திரிகையாக வந்ததால் வாரன் அதற்குள் சிக்கவில்லை. ஆனால் ஆரம்பக் கதைகள் வெறும் விளையாட்டு, சிலேடைச் சிரிப்பு. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

சரி என்று புரட்டிக்கொண்டே போனால் எட்டாவது இதழ், 1970 நவம்பர். ஆர்ச்சி குட்வின் எழுதியது. அங்கேயும் ஒரு விமான விபத்து! காயத்தோடு கிடப்பவளை ஒரு டாக்டர் எடுத்துவந்து பிழைக்க வைக்கிறார், ரத்தத்துக்குப் பதிலாக ஒரு சீரம் செய்து தருகிறார். அது கைவசம் இல்லாவிட்டால் தாகம் எழுந்துவிடும், அருகில் இருப்பவர் யாரானாலும் ஆபத்து, அந்தப் பயத்தோடுதான் அவள் ஒவ்வொரு நாளையும் கடத்துகிறாள். பிரீஸ்ட் புதிதாகக் கொண்டுவந்தார் என்று நான் நினைத்திருந்த வலி ஏறக்குறைய ஐம்பது வருஷத்துக்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது. புதியது பழையதைக் கெடுத்துவிட்டது என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், ப்ளீஸ்.

பன்னிரண்டாவது இதழிலிருந்து பார்சிலோனாக்காரர் ஹோசே கொன்சாலெஸ் வரைகிறார். நேற்றுதான் அதற்கு வந்தேன். அவள் முகத்தை அவர் வரைந்திருக்கும் விதத்தில் கதையை விட்டுவிட்டு வெகுநேரம் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.