கிரேனியல் ஆஸ்டியோபதி: குழந்தையைக் கொண்டுபோனவர்களும் தாங்களே போனவர்களும் சொல்லும் அனுபவங்கள்

மாலை முழுக்க அழுத குழந்தையின் அம்மா:

என் மகளை வாக்குவம், அதாவது தலையில் பொருத்தி வெளியே இழுக்கும் உறிஞ்சு கருவி, வைத்துத்தான் எடுத்தார்கள். உச்சந்தலையில் ஒரு வீக்கத்தோடு பிறந்தாள், அது சில நாளில் வற்றிவிட்டது. அதன்பின் மூன்றாவது வாரம் வாக்கில் இந்த அழுகை தொடங்கியது. பொழுது சாய்ந்தால் போதும், முகம் சிவந்து, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுவாள். வயிறு நிறையக் குடித்திருப்பாள், துணி மாற்றியிருப்போம், காய்ச்சலும் இருக்காது. தோளில் போட்டு நடந்தால் கொஞ்சம் அடங்குவாள். உட்கார்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

குழந்தை மருத்துவர் நன்றாகவே பரிசோதித்தார். எடை ஒழுங்காக ஏறுகிறது, இது கோலிக், ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய் மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கிவிடும் என்றார். ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், இப்படி 3 வாரம் அழுதால் அதைக் கோலிக் என்று கொள்ளலாம் என்பது 1954இல் வெஸ்ஸல் என்ற மருத்துவர் வகுத்த கணக்காம். அவர் சொன்னது எல்லாம் சரிதான். ஆனால் பிள்ளை அப்படித் துடிக்கும்போது காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, கிரேனியல் ஆஸ்டியோபதி செய்யும் ஒரு பெண்ணிடம் கொண்டுபோனோம். ஆஸ்டியோபதி என்பது மருந்தில்லாமல் கையால் செய்யும் சிகிச்சை, அதில் தலையில் மென்மையாகக் கைவைத்துச் செய்யும் வகை இது.

முதலில் அவர் குழந்தையைத் தொடவே இல்லை, கேள்விதான் கேட்டார். பிரசவ வலி எவ்வளவு நேரம் இருந்தது, பிறக்கும்போது குழந்தையின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, எந்த மார்பில் நன்றாகக் குடிக்கிறாள், எந்தப் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்குகிறாள், பால் கக்குகிறாளா, நான் எவ்வளவு நேரம் தூங்குகிறேன், இரவில் கூட யார் இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு என்னைப் பற்றியும் சேர்த்து அவ்வளவு பொறுமையாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அப்புறம் ஒரு உள்ளங்கையை அவள் பின்மண்டைக்குக் கீழும் மற்றதை இடுப்புக்குக் கீழும் கொடுத்து, அப்படியே இருந்தார். அழுத்தவில்லை, திருப்பவில்லை, சொடக்கு எடுக்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் நடக்காததுபோல்தான் இருக்கும். கொஞ்ச நேரம் சிணுங்கியவள் ஒரு நீண்ட மூச்சு விட்டாள், இறுக்கிய விரல்கள் பிரிந்தன, தூங்கிப்போனாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அன்று மாலை அமைதி. மறுநாள் மாலை பழையபடி அழுகை. இன்னும் சில தடவை போனோம், அழுகை நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் அதற்குள் அவளுக்கு மூன்று மாதமும் நெருங்கிவிட்டது. எது சிகிச்சையால், எது வயதால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இதன் பின்னணியைத் தேடிப் படித்தேன். ஆஸ்டியோபதியை 1874இல் தொடங்கியவர் அமெரிக்காவின் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். அவருடைய கல்லூரியில் படித்த வில்லியம் கார்னர் சதர்லேண்ட், பிரித்து வைத்திருந்த ஒரு மண்டையோட்டைப் பார்த்து, அதன் எலும்பு ஓரங்கள் மீனின் செவுள்போல் சரிவாக இருப்பதைக் கவனித்தாராம். அப்படியானால் இவை அசைவதற்காகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, பல வருடம் தன் தலையிலேயே சோதித்துப் பார்த்து, 1939இல் அதை நூலாக வெளியிட்டார். மண்டை எலும்புகள் மிக நுண்ணியதாக அசைகின்றன, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த திரவத்துக்கு ஒரு தாளம் உண்டு, பழகிய கை அதை உணரும் என்பது அவர் கொள்கை. ஒரே ஆளின் தலையில் இரண்டு பேர் கைவைத்து அந்தத் தாளத்தை எண்ணிய ஆய்வுகள் பின்னால் நடந்தன. இருவர் எண்ணிக்கையும் ஒத்துவரவில்லை. இந்த ஒரு தகவல் போதும், எலும்பு நகர்ந்து சரியானது என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. அந்தக் கைகளில் என் பிள்ளை அடங்கியது உண்மை, அதையும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரட்டைக் குழந்தைகளின் அப்பா:

சகோதரி, உங்கள் கடைசி இரண்டு வரியைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் இரட்டையர் இரண்டு பேருக்கும் கோலிக். ஆனால் சின்னவனுக்குக் கொஞ்சம் அதிகம் என்பதால் அவனை மட்டும்தான் கொண்டுபோனோம். ஒவ்வொரு முறை போய்வந்ததும் இன்றைக்குப் பரவாயில்லை என்று நாங்கள் இருவரும் சொல்லிக்கொள்வோம். மனைவி முதல் மாதத்திலிருந்தே இருவருடைய அழுகை நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வந்தாள். பிறகு அதைப் புரட்டியபோது, சிகிச்சைக்குப் போகாத பெரியவனின் அழுகையும் ஏறக்குறைய அதே வாரங்களில்தான் குறைந்திருந்தது.

இதை வைத்து எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இரண்டு குழந்தைகள் ஒரு ஆய்வு ஆகாது. ஆனால் பெரிய அளவிலும் இதே சிக்கல் இருக்கிறது. 2006இல் பிரிட்டனில் 28 குழந்தைகளை வைத்து கிரேனியல் ஆஸ்டியோபதிக்கே ஒரு சோதனை செய்தார்கள். சிகிச்சை பெற்ற குழந்தைகள் குறைவாக அழுதார்கள். ஆனால் எந்தக் குழந்தைக்குச் சிகிச்சை என்பது பெற்றோருக்குத் தெரியும், அழுகையைக் குறித்தவர்களும் அவர்களே. 2012இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு, கோலிக்குக்குக் கைவழிச் சிகிச்சை தந்த 6 ஆய்வுகளை, மொத்தம் 325 குழந்தைகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. கூட்டிப் பார்த்தால் அழுகை குறைந்திருந்தது. எந்தக் குழந்தைக்குச் சிகிச்சை என்று பெற்றோருக்குத் தெரியாமல் நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்தால், அந்த வித்தியாசம் உறுதியாக நிற்கவில்லை. களைத்துப்போன பெற்றோரின் காது நம்பிக்கை வந்ததும் அழுகையை வேறு மாதிரி கேட்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சிசேரியனில் பெற்ற அம்மா:

எனக்கு நடந்தது வேறு. கிரேனியல் ஆஸ்டியோபதி செய்கிற ஒருவரிடம் போன முதல் நாளே அந்த ஆள் என் மகன் தலையில் கைவைத்துவிட்டு, சிசேரியன் ஆனதால் இவன் மண்டை எலும்புகள் திறக்கவே இல்லை, இப்போது சரி செய்யாவிட்டால் படிப்பு, பேச்சு எல்லாம் பாதிக்கும் என்றார். ஒரு வருடத்துக்கான அமர்வுகளுக்கு முன்கூட்டியே பணம் கட்டச் சொன்னார். தையல்கூட ஆறாத உடம்போடு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து இரவெல்லாம் பிள்ளை தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

தடுப்பூசிக்குப் போனபோது எங்கள் மருத்துவரிடம் கேட்டேன். கையோடு தலைச் சுற்றளவை அளந்து, உச்சிக்குழியைத் தொட்டுக் காட்டினார். பின்பக்கக் குழி இரண்டு மூன்று மாதத்தில் மூடும், முன்பக்கத்து உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுக்குள் மூடும், அதுவரை எலும்புகள் வளர இடம் இருக்கத்தான் செய்யும் என்று விளக்கினார். சிசேரியன் குழந்தையின் தலை பிறப்புப் பாதையில் நசுங்காததால் உருண்டையாக இருக்கும், அவ்வளவுதான். இங்கே படிக்கிற அம்மாக்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிரசவம் நடந்த விதத்தைக் காட்டி உங்களைப் பயமுறுத்துகிறவரிடம் குழந்தையைக் கொடுக்காதீர்கள்.

தலை ஒரு பக்கம் தட்டையான குழந்தையின் அம்மா:

சுருக்கமாகச் சொல்கிறேன். மல்லாக்கப் படுக்க வைப்பதால் தலை தட்டையாவது இப்போது பல குழந்தைகளுக்கு நடக்கிறது. அதற்காக மல்லாக்கப் படுக்க வைப்பதை விடக் கூடாது, தூக்கத்திலேயே திடீரென்று குழந்தை இறப்பதைத் தடுக்கத்தான் அந்த அறிவுரை. எங்கள் மகளுக்கு ஆஸ்டியோபத் கைவைப்பதற்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். மண்டைப் பொருத்துகள் முன்கூட்டியே இணைந்துவிடும் நிலை ஒன்று உண்டு, சுமார் 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்றில் வரலாம், அதற்கு அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படும். அது இல்லை என்று முதலில் உறுதி செய்தார்கள். அவளுக்கு இருந்தது கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகியிருந்த டார்டிகாலிஸ். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த நீட்டல் பயிற்சி, விழித்திருக்கும்போது குப்புறப் போடுவது, பொம்மையை மறுபக்கம் காட்டிக் கூப்பிடுவது, இதில்தான் சரியாகிக்கொண்டு வந்தது. ஆஸ்டியோபதிக்கும் போனோம், அங்கே நன்றாகத் தூங்கினாள். தலை வடிவத்துக்கு அது காரணம் என்று சொல்ல மாட்டேன்.

பெருமூளை வாதம் உள்ள மகனின் அம்மா:

எங்கள் பிள்ளைகளுக்காக எதையும் முயன்று பார்ப்போம், அதைக் குறை சொல்லாதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். என் மகனுக்குத் தசை இறுக்கம் அதிகம். இரவில் பலமுறை எழுவான். அமர்வு முடிந்த நாட்களில் தொடையைப் பிரித்துத் துணி மாற்றுவது எனக்குச் சுலபமாக இருந்தது, முகத்திலும் ஒரு தெளிவு தெரிந்தது. நடையிலோ உட்காருவதிலோ மாற்றம் இல்லை.

2011இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு நான் கண்டதையே சொல்கிறது. 5 முதல் 12 வயது வரையான, பெருமூளை வாதம் உள்ள 142 குழந்தைகள். பாதிப் பேருக்குக் கிரேனியல் ஆஸ்டியோபதி, மீதிப் பேர் காத்திருப்புப் பட்டியலில். அசைவுத் திறனிலும் வலியிலும் தூக்கத்திலும் அளக்கக்கூடிய முன்னேற்றம் கிடைக்கவில்லை. ஆனால் பிள்ளையின் பொதுவான உடல்நலம் மேம்பட்டதாகச் சொன்ன பெற்றோர் சிகிச்சைக் குழுவில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதைப் படித்து இரண்டு நாள் யோசித்தேன். என் பிள்ளையை ஒருவர் அவசரமில்லாமல், வேலை வாங்காமல், மென்மையாகத் தொடுகிற நேரம் அவன் வாழ்க்கையில் மிகக் குறைவு. எல்லாத் தெரபியிலும் அவன் உழைக்கத்தான் வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் மட்டும் அவனிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அதற்காகவே போகிறேன். பிசியோதெரபியில் ஒரு நாளைக்கூட இதற்காகக் குறைத்ததில்லை, குறைக்கவும் மாட்டேன்.

குழந்தைகள் பிரிவில் பணியாற்றும் செவிலியர்:

எல்லாருடைய அனுபவத்தையும் மதிக்கிறேன். இரண்டு விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பச்சை நிறத்தில் வாந்தி, உச்சிக்குழி புடைத்திருப்பது, பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, எடை ஏறாதது, வழக்கத்துக்கு மாறான கீச்சென்ற அழுகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கோலிக் என்று நினைத்து ஆஸ்டியோபதிக்கு நாள் குறித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அழுகை தாங்க முடியாமல் உங்களுக்குக் கை நடுங்கினால், குழந்தையைப் பாதுகாப்பாக மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடம் அடுத்த அறைக்குப் போய் நில்லுங்கள். குலுக்கவே கூடாது.

அடுத்தது, இந்தப் பெயரில் செய்யப்படுகிற எல்லாமே மென்மையான தொடுதல் அல்ல. நெதர்லாந்தில், இதிலிருந்து பிறந்த கிரேனியோசேக்ரல் சிகிச்சை என்ற பெயரில் ஒரு 3 மாதக் குழந்தையின் கழுத்தையும் முதுகையும் ஆழமாக வளைத்ததில் மூச்சு நின்று குழந்தை இறந்தது. 2009இல் மருத்துவர்கள் அதை ஒரு மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் கண் முன்னால்தான் எல்லாம் நடக்க வேண்டும். கழுத்தை மடக்கினாலோ திருப்பினாலோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அவர் என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்றும் கேளுங்கள். பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாதவர் தன்னை ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் ஆஸ்டியோபதிப் பட்டம் பெற்றவர் முழு மருத்துவர். இப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லாத நாடுகளும் உண்டு, அங்கே பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

தானே சிகிச்சை எடுத்துக்கொண்ட அம்மா:

குழந்தைக்காகப் போய் நான் படுத்த கதை இது. பால் கொடுக்கும்போது கழுத்தைக் குனிந்தே இருந்ததில் தோள் கல்லாக இறுகியிருந்தது, தூக்கத்தில் பல்லைக் கடிப்பதால் தாடை வலி வேறு. குழந்தை தூங்கிவிட்டதால் மீதி நேரத்துக்கு நீங்கள் படுங்கள் என்றார் ஆஸ்டியோபத். தலைக்குக் கீழே கையைக் கொடுத்து வெறுமனே தாங்கினார். அந்தத் தலையின் கனத்தை இத்தனை மாதமாக நான்தான் சுமந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தாடை இறுக்கம் சில நாள் குறைந்திருந்தது, பிறகு திரும்பி வந்தது. நிலையாக உதவியது பால் கொடுக்கும்போது தலையணையை உயர்த்தி வைத்ததும், இரவில் ஒரு வேளையைக் கணவர் பார்த்துக்கொண்டதும்தான். ஆனால் பிரசவத்துக்குப் பின் அம்மாவையும் ஒருவர் படுக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வலுவான எண்ணம் உண்டு. அதை வீட்டில் இருப்பவர்களும் சொல்லலாம்.

பள்ளி செல்லும் மகளின் அப்பா:

எங்களுடையது கைக்குழந்தை இல்லை, எட்டு வயது. பள்ளி விட்டு வந்ததும் தலைவலி என்று சுருண்டு படுத்துவிடுவாள். ஆஸ்டியோபத் தலையிலும் கழுத்திலும் கைவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார், அவளுக்கும் அது பிடித்திருந்தது. பிறகு கரும்பலகையில் எழுதுவது தெரிகிறதா என்று அவளிடமே கேட்டார். முன் வரிசையில் உட்கார்ந்தால் தெரியும் என்றாள். அடுத்த அமர்வுக்கு நாள் குறிக்காமல், முதலில் கண் மருத்துவரிடம் போய்விட்டு வாருங்கள், அதன்பின் தேவைப்பட்டால் மட்டும் என்னிடம் வந்தால் போதும் என்று அனுப்பினார். கண்ணாடி போட்ட பிறகு தலைவலி வரவில்லை, மறுபடி அங்கே போகும் தேவையும் ஏற்படவில்லை. தெரிந்தவர்கள் யாராவது கேட்டால் இன்றைக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறேன்.