கைப்பிள்ளைக்குக் காசநோய்த் தடுப்புக் குளிசை: ஒட்டுசுட்டான் பக்கம் எப்படி எடுப்பது?

முல்லைத்தீவு மாவட்டம், ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளே ஒரு கிராமம். அப்பாவுக்கு 61 வயது. இரண்டு மாதம் இருமல், பின்னேரக் காய்ச்சல், சாறம் இடுப்பில் நிற்காத மெலிவு. சளியில் காசநோய்க் கிருமி என்று ஐந்து கிழமைக்கு முன் சொன்னார்கள். நாலு மருந்து சேர்ந்த குளிசையை விடிய வெறும் வயிற்றில் என் கண் முன்னால்தான் விழுங்குகிறார்.

வீடு ஒரே அறை, தகரக் கூரை. அப்பாவின் கட்டிலை விறாந்தைக்கு மாற்றி, மறைப்புக்குக் கட்டிய படங்கையும் அவிழ்த்துவிட்டேன். இப்போது நல்ல காற்று வருகிறது. ஆனால் என் மகளுக்கு 9 மாதம். நோய் தெரியும் வரை அம்மப்பாவின் நெஞ்சில்தான் அவள் நித்திரை. பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டதுதான், அது மட்டும் போதாதாம். பரிசோதனையில் அவளுக்கு நோய் இல்லை; நோய் வராமல் தடுக்க 6 மாதம் ஐசோனியாசிட் என்ற குளிசை கொடுக்கச் சொன்னார்கள்.

மகளுக்குத் தந்த குளிசை இன்னும் 9 நாளைக்குத்தான். மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அப்பாவை விட்டுவிட்டுப் போகவும் ஆளில்லை. கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் கேட்டேன், தங்களிடம் இல்லை என்றார்கள். மிட்வைஃப் அக்காவுக்கும் தெரியவில்லை.

பிள்ளையின் குளிசையை ஊர் ஆஸ்பத்திரிக்கே வரவழைத்து எடுத்தவர்கள் இருந்தால், யாரிடம் கேட்டு ஒழுங்கு செய்தீர்கள்?