பம்ப்செட் கன்ட்ரோலர் பெட்டி: 47 உதிரி, 11 நிமிடம். எங்கே குறைப்பது?

பேனல்காரர்

விவசாய மோட்டார் ஸ்டார்ட்டர் பக்கத்தில் மாட்டுகிற, சிம் போட்டு மொபைல் வழியே இயக்கும் கன்ட்ரோலர். மோட்டார் கரண்ட் இதன் வழியே போகாது. மோட்டாரை ஆன், ஆஃப் செய்கிற கன்டாக்டரின் காயிலை இயக்கும், மூன்று ஃபேஸும் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். இப்போது மாதம் 300 போகிறது, அடுத்த சீசனுக்கு 3000 கேட்கிறார்கள்.

உள்ளே இருப்பது: ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டி, மூடி, கேஸ்கெட் (ரப்பர் சீல்), மூடிக்கு எம்4 திருகு 4. மெயின் போர்டு, அதற்கு எம்3×8 திருகு 6. டிஸ்ப்ளே போர்டு, பித்தளை ஸ்பேசர் 4, அவற்றுக்கு எம்3×6 திருகு 8. இரும்பு டிரான்ஸ்ஃபார்மர், அதற்கு போல்ட், நட், ஸ்பிரிங் வாஷர் தலா 2. டெர்மினல் ஸ்ட்ரிப், திருகு 2. ஒயர் 9, ஸ்டிக்கர் 1. மொத்தம் 47. ஓர் ஆள் பூட்டி முடிக்க 11 நிமிடம், டெஸ்டிங் தனி.

திருகு முடுக்குகிற ரோபோ வாங்கலாமா, பெட்டியையே மாற்றலாமா? டிசைனர் எல்லாவற்றையும் திருகில்லாமல் அழுத்தினாலே மாட்டிக்கொள்கிற ஸ்னாப் கொக்கியாக்கச் சொல்கிறார். வெளியில் மாட்டுவது, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 தரம் வேண்டும்.

லைன் பேலன்ஸ்

ரோபோ பேச்சுக்கு முன் கணக்கு. மாதம் 25 நாள் என்றால் நாளைக்கு 120. டீ, சாப்பாடு போக ஒரு ஷிஃப்டில் 27,000 விநாடி கிடைக்கும். ஒரு பெட்டிக்கு 225 விநாடி. நீங்கள் இப்போது எடுப்பது 660. கணக்குப்படி 3 ஆள், ஆனால் வேலையை அவ்வளவு சமமாகப் பிரிக்க முடியாது, 4 ஆள் நிற்பார்கள். அதே பெட்டி 200 விநாடிக்குள் முடிந்தால் ஓர் ஆள் போதும். ரோபோவுக்கு இங்கே வேலையே இல்லை.

உங்கள் 47-இல் 30 வெறும் பூட்டுச் சாமான், 9 ஒயர். பொருள் என்று சொல்லத்தக்கது மீதி எட்டுதான். ஒவ்வோர் உதிரியிடமும் பூட்ட எளிதாக வடிவமைக்கும் முறையைக் கொண்டுவந்த பூத்ராய்ட், டியூஹர்ஸ்ட் இருவரும் வகுத்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். மற்றதைச் சார்ந்து அது அசைய வேண்டுமா? வேறு மெட்டீரியலாக இருந்தே ஆக வேண்டுமா? தனியாக இல்லாவிட்டால் உள்ளே இருப்பதைப் பூட்டவோ கழற்றவோ முடியாதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அதை இன்னொன்றோடு சேர்க்க வழி தேடலாம். உங்களுக்கு மிஞ்சுவது பெட்டி, மூடி, கேஸ்கெட், மெயின் போர்டு, டிஸ்ப்ளே. ஒன்றுக்கு 3 விநாடி என்பது அவர்கள் வைத்த இலட்சிய நேரம், ஆக 15 விநாடி. 15-ஐ 660-ஆல் வகுத்தால் 2.3 சதவீதம். பயப்பட வேண்டாம், நூற்றை யாரும் தொடுவதில்லை. பழைய டிசைனையும் புதியதையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கத்தான் இந்த எண்.

முதலில் ஒயரை ஒழியுங்கள், திருகு அப்புறம். ஒரு ஒயர் என்றால் வெட்டு, உரி, லக் (முனையில் மாட்டும் உலோகத் துண்டு) கிரிம்ப், இரண்டு முனையிலும் முடுக்கு. அதோடு இடம் மாற்றி மாட்டுகிற தப்பும் சேர்ந்தே வரும்.

1985-இல் வந்த ஐபிஎம் புரோபிரிண்டர் என்ற பிரிண்டரை ரோபோவே பூட்ட வேண்டும் என்று திருகில்லாமல் வடிவமைத்தார்கள். கடைசியில் மனிதர் கையாலேயே சில நிமிடத்தில் பூட்டும் அளவுக்கு அது எளிதாகிவிட்டது. ரோபோவுக்கு ஏற்ற டிசைன் பெரும்பாலும் ரோபோவைத் தேவையில்லாமல் ஆக்கிவிடும்.

மோல்டு பட்டறை

"எல்லாம் ஸ்னாப்" என்று சொன்னவர் ஐபி65-ஐ மறந்துவிட்டாருங்க. கொக்கிக்கு அடியில் ஓர் அண்டர்கட் வரும், அதாவது மோல்டு நேராகத் திறக்க விடாத உள்வெட்டு. பெட்டித் தரையில் கொக்கிக்கு நேர் கீழே ஓட்டை விட்டால் மோல்டு நேராகத் திறக்கும், டை செலவு ஏறாது. ஆனால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் போகும். ஓட்டை வேண்டாமென்றால் மோல்டுக்குள் சாய்வாக நகர்ந்து கொக்கியை விடுவிக்கும் லிஃப்டர் போட வேண்டும். டை விலையும் கூடும், பராமரிப்பும் கூடும். சீல் பண்ணுகிற பெட்டியில் உள்கொக்கி லாபமில்லை.

சீல் இல்லாத வேறு பொருளுக்குப் போடுவதாக இருந்தால் இந்தக் கணக்கைப் பாருங்க: 1.5 × தடிமன் × வளையும் தூரம், அதை நீளத்தின் வர்க்கத்தால் வகுக்கணும். 2 மி.மீ. தடிமன், 12 மி.மீ. நீளம், 1.5 மி.மீ. வளைவு என்றால் அடியில் 3.1 சதவீதத் திரிபு (பிளாஸ்டிக் இழுபடும் அளவு), ஏபிஎஸ் வெளுத்து முறியும். 1.5 தடிமன், 15 நீளம், 1.2 வளைவு என்றால் 1.2 சதவீதம், தாங்கும். கொக்கி வேரில் தடிமனில் பாதி அளவுக்கு ரேடியஸ் கொடுக்கணும். கூர்மூலையாக விட்டால் எந்தக் கணக்கும் உதவாது.

உங்கள் பெட்டிக்கு நான் சொல்வது: பித்தளை ஸ்பேசரைத் தூக்கிவிட்டு மூடியிலேயே பாஸ் (திருகு இறங்கும் பிளாஸ்டிக் குழல்) எழுப்புங்க. பிளாஸ்டிக்கில் தானே மரை வெட்டிக்கொள்கிற 3 மி.மீ. திருகுக்கு ஓட்டை 2.4, பாஸ் வெளிவிட்டம் 6 முதல் 7, மரை பிடிக்கும் ஆழம் 7 மி.மீ. பாஸைச் சுவரோடு ஒட்ட வைக்காதீங்க, அங்கே பிளாஸ்டிக் கனத்து வெளிப்பக்கம் சிங்க் மார்க் (குழிவு) விழும். தள்ளி நிறுத்தி ரிப் என்கிற மெல்லிய தாங்குசுவரால் இணைக்கலாம். ரிப் தடிமன் சுவரில் 50–60 சதவீதம், டிராஃப்ட் (மோல்டிலிருந்து கழன்று வருவதற்கான சாய்வு) 1 டிகிரி. வெளியே டெக்ஸ்சர் (சொரசொரப்பு) இருந்தால் அதன் ஆழம் 0.025 மி.மீ. கூடும்தோறும் இன்னொரு டிகிரி சேர்க்கணும், இல்லாவிட்டால் பெட்டி இழுபட்டு வரும்.

மூடியை வயலில் சிம் மாற்றத் திறப்பார்கள். அந்த நாலு இடத்துக்கு மட்டும் உள்மரை உள்ள பித்தளை இன்செர்ட் வையுங்க, மோல்டு போடுகிறவரே சூட்டில் இறக்கிக் கொடுத்துவிடுவார். இன்னொன்று, திருகு இளகக்கூடாது என்று மரையில் லாக்கிங் திரவம் ஊற்றாதீங்க. அந்தத் திரவம் ஏபிஎஸ்ஸிலும் பாலிகார்பனேட்டிலும் பாஸைப் பிளக்கும். லைனில் நன்றாக இருக்கும், கடைக்குப் போன பிறகு விரிசல் தெரியும். சாதாரண ஏபிஎஸ் வெயிலில் மஞ்சளாகி நொறுங்கும் என்பதால் வெயில் தாங்கும் ஏஎஸ்ஏ பிளாஸ்டிக்கின் விலையும் கேட்டுப் பாருங்க.

சால்டர் மேஜை

போர்டு பக்கம். டெர்மினல் ஸ்ட்ரிப்புக்குப் பதில் போர்டில் சால்டர் ஆகிற டெர்மினல் பிளாக். 415 வோல்ட் வருகிற இடத்தில் பிட்ச் (கால்களுக்கு இடையிலான தூரம்) 7.62 மி.மீ.க்குக் குறையக்கூடாது. ஃபேஸ் பேட்களுக்கு நடுவே போர்டில் ஒரு வெட்டு விட்டால் தூசி, ஈரம் வழியாகக் கரண்ட் கசிவது குறையும். டிரான்ஸ்ஃபார்மரும் போர்டில் மாட்டும் வகை கிடைக்கிறது. ஆனால் கால் கிலோ எடை சால்டர் கால்களில் மட்டும் தொங்கினால் லாரிக் குலுக்கலில் ஜாயின்ட் விரியும். அதன் பக்கத்திலேயே ஒரு திருகு வரட்டும், பெட்டியில் இரண்டு ரிப் எழுப்பி அதன் உடம்பைத் தாங்கட்டும்.

ஆறு திருகு வேண்டாம், 4 போதும். இரண்டு மூலையில் பெட்டியிலிருந்து பின் வரட்டும், போர்டில் ஒன்று வட்ட ஓட்டை, மற்றது நீள ஓட்டை. இரண்டையும் வட்டமாகப் போட்டால் மோல்டு சுருக்க வித்தியாசத்தில் சில பெட்டிகளில் போர்டு இறங்காது, ஆள் அமுக்குவார். அமுக்கினால் போர்டு வளைந்து செராமிக் கெபாசிட்டர் உள்ளுக்குள் விரியும். டெஸ்டில் தேறி வயலில் ஷார்ட் ஆகிறவற்றில் இதுவும் ஒன்று. பல போர்டு சேர்ந்த பேனலை வி-கட் என்கிற வி வடிவக் கீறலில் உடைக்கும்போதும் இதே சிக்கல். கெபாசிட்டர்கள் வெட்டுக்கோட்டுக்கு இணையாக, 5 மி.மீ. தள்ளி இருக்கட்டும்.

பேனலில் 5 மி.மீ. ஓர ரயிலும், மெஷின் இடம் பார்த்துக்கொள்ளும் 1 மி.மீ. புள்ளி (ஃபிடூஷியல்) மூன்றும் இல்லாமல், சிறு உதிரிகளை மெஷின் வைக்கிற எஸ்எம்டி லைனுக்கு அனுப்பாதீர்கள். டிஸ்ப்ளே கேபிள் ஒரு பக்கமாக மட்டுமே நுழையும் கனெக்டராக இருக்கட்டும். சாதாரண பின் ஹெடரைத் திருப்பிச் சொருகினால் டிஸ்ப்ளே போய்விடும்.

பேனல்காரர்

நன்றி. இப்படிக் கணக்கு வருகிறது: பெட்டி, மூடி, கேஸ்கெட், டிரான்ஸ்ஃபார்மரும் டெர்மினலும் சேர்ந்த மெயின் போர்டு, திருகு 4, டிஸ்ப்ளே போர்டு, திருகு 2, கேபிள், மூடித் திருகு 4, ஸ்டிக்கர். 17. உள்ளே இருக்கும் ஆறு திருகும் ஒரே வகை, 3×10. மூடித் திருகையும் இரண்டாக்கி, எதிர்ப்பக்கம் நாக்கு மாதிரிச் சொருகி விட்டால் என்ன?

லைன் பேலன்ஸ்

திருகுக்கு 7 விநாடி வீதம் 70, மற்றதெல்லாம் சேர்த்து 80 என்று வைத்தாலும் 150-இல் முடியும். இரண்டு திருகைக் குறைத்தால் கிடைப்பது 14 விநாடி. 225-க்குள் ஏற்கெனவே வந்தாயிற்று, அந்த 14-ஐ வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

திருகு டிரைவரை 500 ஆர்பிஎம்முக்கு மேல் ஓட்டாதீர்கள், மரை உருகும். டார்க் எவ்வளவு என்று யாரையும் கேட்காதீர்கள், பத்து பாஸில் சோதியுங்கள். திருகு உள்ளே இறங்கத் தேவைப்படும் டார்க் ஒன்று, மரை கழன்று சுற்றும் டார்க் ஒன்று. செட்டிங் இரண்டுக்கும் நடுவில். இரண்டும் நெருக்கமாக இருந்தால் ஓட்டை அளவு தவறு, டிரைவரில் எதை மாற்றியும் பயனில்லை.

மோல்டு பட்டறை

நாக்கு வேண்டாமுங்க. சுவர் 2.5 மி.மீ. இருக்கிற மூடி இரண்டு திருகுக்கு நடுவில் வில்லாக வளையும், அங்கேதான் தண்ணீர் இறங்கும். கேஸ்கெட் 3 மி.மீ. சிலிக்கோன் ரப்பர் கயிறு என்றால் பள்ளம் 2.3 ஆழம், 3.6 அகலம். ரப்பர் அமுங்கினால் பக்கவாட்டில்தான் பிதுங்கும், அதற்கு இடம் வேண்டும். திருகு நான்கும் கயிற்றுக்கு வெளிப்பக்கம் இருக்கட்டும். மூடியும் பெட்டியும் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் முட்டி நிற்கிற மாதிரி ஸ்டாப் வைத்தால், எலக்ட்ரீஷியன் எவ்வளவு முறுக்கினாலும் கயிறு நசுங்காது.