உபுண்டு, மின்ட், ஃபெடோரா மூணும் ஒரே கடையில, சாஃப்ட்வேர் எப்படிதான் போடுறது?

மாம்பலம்_டிடிபி:

எல்லாருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்துல ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை வெச்சிருக்கேன். மூணு கம்ப்யூட்டர், மூணுமே ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட்ஹேண்ட்ல வாங்குனது. 2025 அக்டோபரோட விண்டோஸ் 10க்கு அப்டேட் நின்னு போச்சு, 11 போடலாம்னா ப்ராசஸர் பழசுன்னு ஏத்துக்கவே மாட்டேங்குது. காலேஜ் படிக்கிற அண்ணன் பையன் லீவுல வந்து லினக்ஸ் போட்டுக் குடுத்துட்டு போனான், அதுவும் எல்லாத்துலயும் ஒண்ணே போட்டிருந்தா பரவால்ல, ஒண்ணுல உபுண்டு 24.04, ஒண்ணுல மின்ட் 22, ஒண்ணுல ஃபெடோரா, ஏன்டான்னு கேட்டா டெஸ்ட் பண்ணி பாக்கணும்ங்கிறான், டெஸ்ட் பண்றதுக்கு என் கடையா கெடச்சுது. இப்ப ஹாஸ்டல் போயிட்டான், போன் எடுக்கிறதில்ல.

எனக்கு வேண்டியது டிசைன் வரைய இங்க்ஸ்கேப், போட்டோவுக்கு கிம்ப், பேஜ் லேஅவுட்டுக்கு ஸ்க்ரைபஸ், தமிழ் டைப் பண்ண தமிழ்99 கீபோர்டு, அவ்ளோதான். உபுண்டுல ஸ்க்ரைபஸ் சைட்டுக்கு போய் டவுன்லோட் பண்ணேன், ஆப்இமேஜ்னு ஒரு ஃபைல் வந்துச்சு, டபுள் கிளிக் பண்ணா ஒண்ணும் ஆகல, எரர் கூட வரல. ஆப் சென்டர்லருந்து இங்க்ஸ்கேப் போட்டேன், ஓபன் ஆகுது, ஆனா கஸ்டமர் குடுக்குற பென்டிரைவ்ல இருக்கிற ஃபைல திறக்காது, டெஸ்க்டாப்புக்கு காப்பி பண்ணாதான் திறக்குது. ஃபெடோராவுல யூடியூப் பாத்து ஆப்ட்னு அடிச்சா கமாண்ட் நாட் ஃபவுண்ட். தை மாசம் முகூர்த்தம் வரிசையா இருக்கு, பத்திரிகைக்கு நாலு பார்ட்டி ப்ரூஃப் கேட்டு நிக்கிறாங்க. புரியிற மாதிரி யாராச்சும் சொல்லுங்க.

தரமணி_டெர்மினல்:

அண்ணா, முதல்ல ப்ரவுசர திறந்து சாஃப்ட்வேர் தேடுற விண்டோஸ் பழக்கத்த விடுங்க. இங்க ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் சொந்தமா ஒரு குடோன் இருக்கு, ரெப்போன்னு சொல்வாங்க, நீங்க கேட்ட எல்லாமே அதுலயே இருக்கு, அந்த சிஸ்டத்துக்குன்னே தயார் பண்ணி வெச்சது. குடோன் வேறங்கிறதால எடுக்குற கமாண்டும் வேற. உபுண்டு, மின்ட் ரெண்டும் டெபியன் வம்சம், அங்க ஆப்ட். ஃபெடோரா ரெட் ஹாட் பக்கம், அங்க டிஎன்எஃப். 2015ல ஃபெடோரா 22 வர்ற வரைக்கும் அதுவும் யம்னு இருந்துச்சு, அதனால பழைய வீடியோ எதையும் பாக்காதீங்க.

டெர்மினல்னு கமாண்ட் அடிக்கிற விண்டோ இருக்கும், அத திறந்து உபுண்டுலயும் மின்ட்லயும் சுடோ ஆப்ட் இன்ஸ்டால் இங்க்ஸ்கேப் கிம்ப் ஸ்க்ரைபஸ். சுடோன்னா அட்மின் பர்மிஷனோட ஓட்டுறது. ஃபெடோராவுல ஆப்ட்ங்கிற எடத்துல டிஎன்எஃப், மத்ததெல்லாம் அப்படியே. (நான் தமிழ்ல எழுதிருக்கேன், நீங்க இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிங்க.) உபுண்டு, ஃபெடோராவுல பாஸ்வேர்டு அடிக்கும்போது ஸ்க்ரீன்ல புள்ளி கூட வராது, கீபோர்டு போயிடுச்சோன்னு பயப்படாம அடிச்சு என்டர் தட்டுங்க.

பென்டிரைவ் மேட்டர் ஏன்னா, உபுண்டு ஆப் சென்டர் முதல்ல காட்டுறது ஸ்னாப்ங்கிற தனி வகை பேக்கேஜ். ஸ்னாப்ல வர்ற ஆப்ப ஒரு கூண்டுக்குள்ள வெச்சுதான் ஓட்டுவாங்க, உங்க ஹோம் ஃபோல்டர பாக்கும், வெளிய மாட்டுற டிரைவ பாக்க நாமதான் பர்மிஷன் குடுக்கணும். சுடோ ஸ்னாப் கனெக்ட் இங்க்ஸ்கேப்:ரிமூவபிள்-மீடியா, இத ஒரு தடவ அடிச்சா போதும். இல்லன்னா ஸ்னாப்ப தூக்கிட்டு ஆப்ட்ல போடுங்க, நான் அதத்தான் செய்வேன். ஆனா ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் உபுண்டுல ஆப்ட்னு கேட்டாலும் ஸ்னாப்தான் வரும், 22.04லருந்தே அப்படி. மின்ட்காரங்க 2020லயே ஸ்னாப்ப தடுத்து வெச்சுட்டாங்க, அங்க இந்த வம்பே இல்ல.

உபுண்டு 24.04 ஆப்ட்ல வர்ற கிம்ப் 2.10. 2025 மார்ச்சுல வந்த 3.0 வேணும்னா ஃப்ளாட்ஹப்ங்கிற ஆன்லைன் ஆப் ஸ்டோர்ல எடுக்கணும், அங்க வர்றது ஃப்ளாட்பேக், எல்லா லினக்ஸ்லயும் ஓடுற பொது வகை பேக்கேஜ். மின்ட்ல ரெடியா இருக்கு, சாஃப்ட்வேர் மேனேஜர்லயே தெரியும். முதல் ஆப் போடும்போது ரன்டைம்னு பல நூறு எம்பி கூடவே இறங்கும், கடை நெட் ஸ்லோன்னா ராத்திரி ஷட்டர் இறக்கிட்டு போகும்போது போட்டுட்டு போங்க. பத்திரிகை டிசைனுக்கு 2.10 தாராளம்.

வேளச்சேரி_மச்சி:

மேல சொன்னதெல்லாம் கரெக்ட், ஆனா அந்த ஆப்இமேஜ, அதாவது இன்ஸ்டால் பண்ணாம நேரா ஓட்டுற ஒத்த ஃபைல, யாரும் தொடல, அதுலதான் நான் அடி வாங்குனேன். அதுக்கு ரெண்டு வேணும், ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராபர்ட்டீஸ்ல ரன் பண்ண பர்மிஷன் குடுக்கணும், அப்புறம் லிப்ஃப்யூஸ்2ங்கிற லைப்ரரி வேணும், உபுண்டு 22.04லருந்து அது கூடவே வர்றதில்ல, 24.04ல பேரையே லிப்ஃப்யூஸ்2டி64னு மாத்திட்டாங்க. நான் என்ன பண்ணேன்னா, ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி, எங்கயோ ஒரு பழைய பதில பாத்துட்டு லிப் இல்லாம வெறும் ஃப்யூஸ்னு அடிச்சேன். நீளமா ஒரு லிஸ்ட் காட்டி இதெல்லாம் ரிமூவ் ஆகும், ஓகேவான்னு கேட்டுச்சு, எவன் படிப்பான், ஒய் (Y, ஓகே) தட்டிட்டேன். ரீஸ்டார்ட் பண்ணா டெஸ்க்டாப்ப காணோம், கருப்பு ஸ்க்ரீன்தான். புது ஃப்யூஸ் 3ம் பழசும் ஒண்ணா இருக்காதாம், பழச கேட்டதால புதுச தூக்கிடுச்சு, அத நம்பி இருந்த டெஸ்க்டாப்பும் கூடவே போச்சு. கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அடிச்சு, லாகின் பண்ணி, போன யூஎஸ்பில மாட்டி டெதரிங் போட்டு, சுடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப். விடிய மூணு மணிக்கு திரும்ப வந்துச்சு, எந்த ஃபைலும் போகல, தூக்கம்தான் போச்சு.

அதனால ஒய் தட்டுறதுக்கு முன்னாடி ரிமூவ்னு இருக்கிற வரிய மட்டுமாச்சும் படிங்க ப்ரோ. இன்ஸ்டால் பண்ண போன எடத்துல எதையோ தூக்குறேன்னு சொன்னா என் (N, வேண்டாம்) தட்டிட்டு இங்க வந்து கேளுங்க.

மாம்பலம்_டிடிபி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப தேங்க்ஸ். அண்ணாவும் இல்ல ப்ரோவும் இல்ல, அக்கா. பென்டிரைவ் கமாண்ட் போட்டேன், உடனே வேலை செய்யுது. ஆப்இமேஜ டெலிட் பண்ணிட்டு ஆப்ட்லயே ஸ்க்ரைபஸ் போட்டாச்சு. தமிழ்99தான் பாக்கி. பழைய பாமினி ஃபைலும் பேஜ்மேக்கர் ஃபைலும் ஒரு மூட்டை இருக்கு, அத என்ன பண்றது?

தரமணி_டெர்மினல்:

ஸாரி அக்கா 🙏 தமிழ்99க்கு ஐபஸ்-எம்17என்னு ஒரு பேக்கேஜ், மூணுலயும் பேர் அதேதான். போட்டுட்டு கண்டிப்பா லாக் அவுட் பண்ணி உள்ள வாங்க, இல்லன்னா லிஸ்ட்லயே தெரியாது. உபுண்டு, ஃபெடோராவுல செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்ஸ்ல தமிழ் தேடுனா தமிழ்99 இருக்கும். மின்ட்ல இன்புட் மெத்தட்னு தனியா இருக்கு, அதுல ஐபஸ்ஸ செலக்ட் பண்ணணும்.

பாமினி யூனிகோட் (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) கிடையாது, இங்கிலீஷ் எழுத்தோட எடத்துல தமிழ் உருவத்த வெச்ச ஃபான்ட். ஃபான்ட் ஃபைல இன்ஸ்டால் பண்ணா பழசு திறந்து படிக்கலாம், பிரிண்ட் போடலாம், புது வேலைய யூனிகோட்லயே அடிச்சிடுங்க. பேஜ்மேக்கர் ஃபைல லிப்ரெஆபீஸ் ட்ரா திறக்கும், ஆனா லேஅவுட் அப்படியே வரும்னு எதிர்பாக்காதீங்க. ஸ்க்ரைபஸ்ல வெர்ஷன் ஒரு தடவ பாத்துக்கோங்க, 1.4ல தமிழ் ஒழுங்கா வராது, கொ அடிச்சா ஒற்றைக்கொம்பு போய் தப்பான எடத்துல உக்காரும். 2024 ஜனவரில வந்த 1.6ல அந்த பிரச்சனை இல்ல.

ஃபெடோராவ தூக்கிட்டு அங்கயும் மின்ட் போட்டுடுங்கன்னுதான் சொல்வேன். ஃபெடோரா ஒரு வெர்ஷனுக்கு சுமார் 13 மாசம்தான் சப்போர்ட், வருஷா வருஷம் கடைய நிறுத்தி யார் அப்கிரேட் பண்றது.

பிஎஸ்டி_பெருங்குடி:

மூணு பத்தாதுன்னா லினக்ஸ் இல்லாத இன்னொரு ஓஎஸ் ஃப்ரீபிஎஸ்டி இருக்கு அக்கா, அங்க பிகேஜி இன்ஸ்டால் இங்க்ஸ்கேப், ஸ்னாப்பும் கிடையாது ஃப்ளாட்பேக்கும் கிடையாது 😄 வீட்டுல நான் அதத்தான் ஓட்டுறேன். கடைக்கு வேண்டாம், தரமணி சொன்னத கேளுங்க.

மாம்பலம்_டிடிபி:

தமிழ்99 வந்துடுச்சு. ஸ்க்ரைபஸ்ல முதல் ப்ரூஃபா கொளத்தூர் பார்ட்டியோட பத்திரிகை எடுத்தேன், கொ அழகா ஒக்காந்திருக்கு. ஃபெடோராவ தூக்க போறேன்னு அண்ணன் பையனுக்கு மெசேஜ் போட்டேன், ரெண்டு வாரமா போன் எடுக்காதவன் ரெண்டே நிமிஷத்துல கூப்பிட்டு அத மட்டும் தொடாதீங்க அத்தைங்கிறான். சனிக்கிழமை வரானாம்.