லயத்துக்குள்ளே 18, பள்ளத்துக்கு அக்கரையில் 135

கொட்டகலையிலிருந்து:

கமரா வாங்கி இரண்டு வருடம் கூடவே வந்த கிட் லென்ஸோடுதான் ஓட்டினேன், 18-55 மி.மீ. எண் சின்னதென்றால் படத்தில் அகலமாக விழும், பெரிதென்றால் தூரம் கிட்ட வரும். "ஜூம் எதற்கு, நாலு எட்டு முன்னால் போ" என்று யூடியூபில் ஆளாளுக்குச் சொல்வார்கள். எல்லாரும் சமவெளிக்காரர்கள் போல. எல்லயில் ஒன்பது வளைவுப் பாலத்துக்கு எதிரே தேயிலைச் சரிவில் நின்று நாலு எட்டு முன்னால் வைத்தால் நேரே பள்ளத்துக்குத்தான் போக வேண்டும். 18-இல் பாலத்தின் வளைவு முழுக்க விழுந்தது, அழகாகத்தான் இருந்தது. ரயில் வந்தபோது வாசலில் தொங்கிய பிள்ளைகளின் முகத்தைப் பிடிக்க 55 வரை இழுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால் முகம் இருந்த இடத்தில் நாலைந்து புள்ளி.

சரி, தூரம்தான் வேண்டும் என்று நண்பர் ஒருவர் பேச்சைக் கேட்டு கெனான் 24-105 ஒன்று பழசாக வாங்கினேன். நல்ல லென்ஸ், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஃபுல் ஃப்ரேம், அதாவது படம் விழும் சென்சர் பெரிதாக உள்ள கமராவுக்கென்று செய்தது. என்னுடையது சின்ன சென்சர், ஏபிஎஸ்-சி. எந்த லென்ஸானாலும் அதன் மி.மீ.-ஐ 1.6-ஆல் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். 24 போட்டால் 38 போல நடந்துகொள்ளும். மலையில் நின்று எடுத்தவரை இது உறைக்கவே இல்லை.

அக்கா மகளின் சடங்கன்று உறைத்தது. லயத்து அறை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் ஒன்று, பத்துக்குப் பன்னிரண்டு அடி. முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். பிள்ளையை நடுவில் வைத்தால் இந்தப் பக்கம் மாமாவின் பாதி உடம்பு இல்லை, அந்தப் பக்கம் சீர்த்தட்டு இல்லை. "இன்னுங் கொஞ்சம் பின்னுக்குப் போயேன்டா" என்கிறார் அத்தை. பின்னால் பக்கத்து வீட்டு அடுப்படி! கடைசியில் வாசலுக்கு வெளியே, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நிறுத்தி எடுத்தேன், தூறலில்.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் 24 மி.மீ. காட்டுவது ஒன்பதடி அகலம்தான். 18 மி.மீ. பன்னிரண்டடியைக் காட்டும். அந்த மூன்று அடியில்தான் மாமா நின்றிருந்தார்.

பழைய படங்களையும் திறந்து எந்த மி.மீ.-இல் எடுத்தேன் என்று பார்த்தேன். ஒவ்வொரு படத்துக்குள்ளும் கமராவே அதை எழுதி வைத்திருக்கும். பாதிக்கு மேல் 18 அல்லது 55. நடுவில் கொஞ்சம்தான். அதாவது இரண்டு முனையிலும் முட்டி முட்டி நின்றிருக்கிறேன். 24-105ஐ விற்று 18-135 வாங்கினேன், இப்போது அதுதான் கமராவில் நிரந்தரமாக இருக்கிறது. 18-200 ஒன்றையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். கழுத்தில் மாட்டிக்கொண்டு இறக்கத்தில் நடந்தால் தானாக நீண்டு தொங்குகிறது. வேண்டாம் என்று கொடுத்துவிட்டேன்.

அப்புத்தளையிலிருந்து:

அண்ணா, பழசு வாங்கியும் தப்பித்திருக்கிறீர்கள். நான் தப்பவில்லை. வெளியே கீறலே இல்லை, புதிது மாதிரி மின்னியது. வெயிலை நோக்கி எடுத்த படமெல்லாம் பால் ஊற்றினாற்போல வெளிறிப் போனது. முதலில் மூடுபனி என்று நினைத்தேன், எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம். பிறகு ஒருவர் லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்துக் காட்டினார். உள்ளே நூல் நூலாக, சிலந்தி வலை கிளை விட்டதுபோல் பூஞ்சணம். விற்றவர் போனை எடுக்கவே இல்லை.

இப்போது இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அம்மாவின் சமையல் சட்டியில் சூடாக்காதீர்கள், அந்த நீலம் நஞ்சு. தோல் பையில் வைத்து அலுமாரிக்குள் பூட்டுவது பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பது மாதிரி.

மஸ்கெலியாவிலிருந்து:

18-135 பகலுக்குச் சரி. மாசியில் மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்துக்கு வாருங்கள், பார்க்கலாம். மதனை எரிக்கிற இரவு, ஒரு பல்பும் தீப்பந்தமும்தான் வெளிச்சம். தப்பு மேளம் உச்சத்துக்கு ஏற, ரதி சுற்றிச் சுற்றி ஆடுகிறாள். லென்ஸ் வாய் எஃப் 5.6 வரைதான் திறந்தது, இந்த எண் குறையக் குறையத்தான் வாய் பெரிதாகும். ஷட்டர் பத்தில் ஒரு செக்கனுக்கு இறங்கியது, படத்தில் சேலை மட்டும்தான் இருந்தது. நடுக்கம் குறைக்கும் வசதி நம் கை ஆடுவதைத்தான் பிடிக்கும், ஆடுகிறவரைப் பிடிக்காது. அடுத்த வருடம் 50 மி.மீ. எஃப் 1.8 கொண்டுபோனேன். ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம், நூறில் ஒரு செக்கன் கிடைத்தது. ரதியின் கண்மை வழிந்திருந்தது வரை தெரிகிறது.

இன்னொன்று, சிவனொளிபாதமலை உச்சிக் குளிரில் கிடந்த கமராவோடு நேரே தேத்தண்ணிக் கடைக்குள் நுழையாதீர்கள். கண்ணாடி முழுக்க வியர்க்கும். வெளியிலேயே பொலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போடுங்கள், வியர்ப்பது பை மட்டும்தான்.

கொட்டகலையிலிருந்து:

இரவு விஷயத்தில் தோற்றேன். மாசியில் வருகிறேன், அந்த ஐம்பதை ஒரு மணித்தியாலம் தாருங்கள். என் 135ஐ வைத்துக்கொண்டு நீங்கள் பகலில் கொழுந்து மலைப்பக்கம் போய் வாருங்கள்.