பனிக்காலத்தில் காரை டிரெய்லரில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பியவர்கள் சொல்லுங்கள்

வெண்பனி (மினியாபொலிஸிலிருந்து பீனிக்ஸுக்கு)

சென்ற ஜனவரியில் என் காரை ஏற்றிப்போக டிரெய்லர் வந்தபோது மாலை நாலே முக்கால். வெளியே மைனஸ் 21 டிகிரி. திங்கள் காலை வருவதாகச் சொன்னவர்கள் செவ்வாய் மாலை வந்தார்கள். அந்தப் பருவத்தில் ஒரு நாள் தள்ளிப்போவதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். அந்த ஒரு நாளில் என் காருக்கு நேர்ந்ததுதான் கதை.

ஞாயிற்றுக்கிழமையே காரைக் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். அன்றிரவு பனி பெய்தது. விடிந்ததும் பனி தள்ளும் வண்டி வந்தது, பின்னாலேயே பனி உருக உப்பு தூவும் வண்டி. திங்களும் செவ்வாயும் வேலைக்குப் போய்வந்ததில் கருநீலக் கார் சாம்பல் பூசிக்கொண்டது. விரலால் தொட்டால் சுண்ணாம்புச் சுவரைத் தொட்டதுபோல் ஒட்டியது. சக்கரங்களுக்கு மேல் கறுப்பு ஐஸ் கட்டிகள் தொங்கின.

ஓட்டுநர் தெருமுனையிலிருந்தே போன் செய்தார். இரு பக்கமும் குவிந்த பனியில் எங்கள் தெரு பாதியாகச் சுருங்கியிருந்தது, டிரெய்லர் நுழைய வழியில்லை. பக்கத்து மளிகைக் கடையின் வாகன நிறுத்துமிடத்துக்கு வரச் சொன்னார். போனேன். அவர் டார்ச் அடித்துக்கொண்டு காரை ஒரு சுற்று சுற்றினார், படம் எடுத்தார், காரின் நிலையைக் குறிக்கும் தாளில் ஏதோ எழுதினார், அதை நீட்டினார். பேனா மை உறைந்து எழுதவில்லை. அவர் பேனாவைத் தன் அக்குளில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தார். எனக்கோ விரல்கள் மரத்துப்போயிருந்தன. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

ஆறு நாள் கழித்து பீனிக்ஸில் கார் இறங்கியது. வெயிலைப் பார்த்த மகிழ்ச்சியில் அங்கேயும் படிக்காமல் கையெழுத்து. அடுத்த நாள் கழுவியபோது இடது பின்கதவின் அடியில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பள்ளம், நடுவில் பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தது. இழப்பீடு கேட்டு எழுதினேன். பதிலாக, நான் கையெழுத்திட்ட தாளின் நகலையே அனுப்பினார்கள். அதில் ஓட்டுநரின் கையெழுத்தில் ஒரு வரி: “கார் முழுவதும் பனியும் அழுக்கும், நிலையைச் சரிபார்க்க இயலவில்லை.”

அவர் எழுதியது பொய்யில்லையே! என்னிடம் அக்டோபரில் எடுத்த படங்கள் இருந்தன. அக்டோபர் படத்தை வைத்து ஜனவரிப் பள்ளத்தை எப்படி நிரூபிப்பது?

ஆகையால், இனி அனுப்புகிறவர்களுக்கு: முந்தைய வாரம் கழுவுவது வீண். வண்டி வருகிற அன்று கழுவுங்கள். தூரிகை படாமல் தண்ணீரைப் பீய்ச்சும் நிலையம் போதும். கழுவியதும் கதவு இடுக்குகளையும் ரப்பர் பட்டைகளையும் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கதவு ஒட்டிக்கொள்ளும். முடிந்தால் கூரையுள்ள இடத்தில் நிறுத்தி, நான்கு பக்கமும், கூரையும், சக்கரங்களும், கிலோமீட்டர் காட்டும் பலகையும் தெரியும்படி அன்றைய தேதியோடு படம் எடுங்கள். நான் இரண்டு நாள் முன்னால் கழுவியதோடு நிறுத்தி இருபது டாலர் மிச்சம் பிடித்தேன். கதவுக்கு ஆன செலவு அதைப்போல முப்பது மடங்கு.

ஒரு கொசுறு. டிக்கியில் சாமான் வைக்காதீர்கள் என்று சொல்லியிருந்தும் ஒரு பெட்டியை ஒளித்து வைத்தேன். அதிலிருந்த சோடா டப்பாக்கள் அத்தனையும் உறைந்து, வயிறு பிதுங்கி வெடித்துக் கிடந்தன. நடுவில் அம்மா போட்ட மாவடு ஜாடி ஒரு விரிசல் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. காரைக் கெடுத்த அதே உப்பு மாவடுவைக் காப்பாற்றிவிட்டது.

கத்தரிவெயில் (ஹூஸ்டனிலிருந்து மினியாபொலிஸுக்கு)

நீங்கள் குளிரிலிருந்து தப்பித்துப் போனவர். நான் அதைத் தேடிப் போனவன். தெற்கிலிருந்து வடக்கே போகிற காருக்கு ஆபத்து வெளியில் இல்லை, உள்ளே ஓடுகிற தண்ணீரில் இருக்கிறது.

என் அப்பா மதுரையில் அம்பாசடர் வைத்திருந்தார். ரேடியேட்டரில் அளவு குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றுவார். நானும் ஹூஸ்டனில் மூன்று கோடைக்காலம் அதையே செய்தேன். அந்த ஊர் வெயிலில் ஒரு குறையும் தெரியவில்லை. காரை அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஆயில் மாற்றப் போனபோது, மெக்கானிக் “எந்த ஊருக்கு?” என்று கேட்டார். சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, பேனா அளவுள்ள ஒரு குழல் கருவியை எடுத்து வந்தார். அதன் கண்ணாடியில் ரேடியேட்டரிலிருந்து ஒரு சொட்டு கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே மேல் பாதி நீலம், கீழ் பாதி வெள்ளை, பக்கத்தில் அளவுக்கோடுகள். நீலமும் வெள்ளையும் சேரும் கோடு மைனஸ் 12-இல் நின்றது. கூலன்டும் தண்ணீரும் சரிபாதி இருந்தால் அது மைனஸ் 37 வரை தாங்கும். என் காரில் இருந்தது மினியாபொலிஸில் ஒரு சாதாரண ஜனவரி இரவுக்கே உறைந்திருக்கும். என்ஜினுக்குள் தண்ணீர் உறைந்தால் விரிந்துகொள்ள இடம் வேண்டும். இரும்பு இடம் கொடுக்காது, வெடிக்கும். டிரெய்லரில் போகிற கார் ஓடுவதில்லை, சூடாவதுமில்லை. இரவு முழுக்க வெட்டவெளியில் நிற்கும்.

எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். “கண்ணாடி கழுவுகிற தண்ணீரையும் மாற்றிவிடவா?” என்று கேட்டார். பூச்சிக்கறை நீக்கும் பச்சைத் தண்ணீர் அது, போன மாதம்தான் நிரப்பியிருந்தேன். அது கிடக்கட்டும் என்றேன்.

அது கிடக்கவில்லை. கார் வந்து இறங்கியபோது முன் பம்பருக்குப் பின்னால் பச்சைப் பனிக்கட்டி ஒன்று தொட்டியின் வடிவத்திலேயே நின்றது, தொட்டிதான் இரண்டாகப் பிளந்திருந்தது. அன்று மாலை ஐ-94 நெடுஞ்சாலையில் முன்னால் போன லாரி வாரியடித்த உப்புச்சேறு கண்ணாடியை மூடியது. வைப்பரைப் போட்டால் பால் கலக்கியதுபோல் ஆகிவிட்டது. ஓரம் கட்டி, கையில் பனியை அள்ளித் தேய்த்து, இரண்டு மைல் போய், மறுபடி ஓரம் கட்டி… வீடு போய்ச் சேர ஒன்றரை மணி நேரம்.

டயர் காற்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தரை டிகிரி குளிர் கூடினால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறையும். ஹூஸ்டனில் 25 டிகிரியில் 32 வைத்திருந்தேன். மைனஸ் 23-இல் இறங்கியபோது 24-க்கும் கீழே. பஞ்சர் என்று நினைத்து டிரெய்லர்காரரிடம் சண்டைக்குப் போனேன், அவர் பொறுமையாகக் கணக்குச் சொன்னார். பேட்டரியும் அப்படித்தான். அதைக் கெடுத்தது ஹூஸ்டன் வெயில்; காட்டிக்கொடுத்தது மினியாபொலிஸ் குளிர். நாலு வயது தாண்டியிருந்தால் ஏற்றுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

லொறிக்காரன் (ரொறன்ரோ)

அக்கா, பேனாவை அக்குளில் வைத்தவரைப் போன்ற ஆள்தான் நானும். ஒன்பது வருடமாகத் திறந்த ட்ரெய்லரில் வாகனங்களை ஏற்றி இறக்குகிறேன். பெரும்பாலும் ரொறன்ரோவிலிருந்து கல்கரி, மேலே பதினேழாம் இலக்க வீதியால். சுப்பீரியர் ஏரிக்கு அருகே வாவா என்றொரு சிற்றூர் இருக்கிறது. பனிப்புயல் வந்தால் அதற்கு இரு பக்கமும் வீதியை மூடிவிடுவார்கள். ஒருமுறை அங்கே இரண்டு இரவு நின்றேன். மேலே எட்டு வாகனங்கள், எட்டு வீடுகளிலிருந்தும் தொலைபேசி அழைப்புகள். “எப்போது வரும்?” என்று கேட்கிறவர்களுக்கு வீதி திறந்தால் வரும் என்பதைத் தவிர என்ன சொல்வது?

உங்கள் தாளில் அவர் எழுதியதை நானும் எழுதியிருப்பேன். மனம் வருந்த வேண்டாம். பனிக்குக் கீழே ஏற்கெனவே கீறல் இருந்து, அது இல்லை என்று நான் ஒப்பமிட்டால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆனால் யாராவது “பத்து நிமிடம் நில்லுங்கள், துடைத்துவிடுகிறேன்” என்றால் நான் நிற்காமல் போனதே இல்லை. சட்பரியில் ஒரு வயதான அம்மா மென்மையான தும்புத்தடியோடும் (துடைப்பம்) ஒரு போத்தல் பிளேன் ரீயோடும் வந்தார். நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் கூரையையும் பக்கங்களையும் கூட்டித் துடைத்துவிட்டார். அந்தத் தாளில் மூன்றே மூன்று குறிகள், மூன்றையும் அவரே விரல் வைத்துக் காட்டினார். இறக்கும் இடத்திலும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அங்கே தாளில் எழுதாத கீறலுக்குப் பிறகு வழக்காடுவது மிகக் கடினம்.

உங்கள் வாகனம் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குகிறது என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. வினிப்பெக்கில் உள்ளே நிற்கிற ஒன்றை இறக்க வேண்டுமென்றால், அதற்குப் பின்னால் நிற்பவை எல்லாம் இறங்கி மறுபடி ஏற வேண்டும். நாலு முறை, ஐந்து முறை இயக்குவோம். பற்றறி செத்திருந்தால், ஐஸ் பிடித்த இரும்புத் தட்டில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே நின்றுகொண்டு நான் வேறு பற்றறியிலிருந்து வயர் கொடுக்க வேண்டும். கையுறையோடு கவ்வி பிடிபடாது, கையுறையைக் கழற்றினால் இரும்பு தோலைப் பிடிக்கும்.

கூரைப் பனியை அப்படியே விட்டுத் தருகிறவர்கள்தான் அதிகம். அது வெறும் பஞ்சு இல்லை. இரண்டு நாள் உறைந்தால் பலகை. ஒன்ராறியோவில் உயர எல்லை 4.15 மீற்றர், மேல்தட்டில் நிற்கும் பெரிய வாகனத்தின் தலையில் அரை அடிப் பனி இருந்தால் அந்தக் கணக்கே பிழைத்துவிடும். வேகம் எடுத்ததும் அந்தப் பலகை கழன்று பறந்து பின்னால் வருகிறவரின் கண்ணாடியில் விழும், அல்லது கீழ்த்தட்டு வாகனத்தில் விழும். அக்கா, உங்கள் கதவுக்கு அடிபட்டது எப்படி என்று என்னால் சொல்ல முடியாது. பனிப் பாரத்தில் தாழ்ந்து தொங்கும் மரக்கிளைகள் இருக்கின்றன, நடுவில் ஏற்றி இறக்குவதும் இருக்கிறது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். நான் வந்துவிட்டேன் என்ற அவசரத்தில் ஒருவர் கொதிநீரைக் கேத்தலோடு கொண்டுவந்து முன்கண்ணாடியில் ஊற்றினார். “டக்” என்று ஒரு சத்தம். இடமிருந்து வலமாக ஒரே கோடு. அந்தக் கீறலைத் தாளில் முதலாவதாக எழுதினேன்.

கழுவிய ஈரத்தோடு கைப்பிரேக்கை இழுத்து இரவு முழுக்க விடுவதும் அப்படியே. காலையில் பின்சக்கரம் உருளாது, சறுக்கும். தாங்கியில் கால்வாசி எரிபொருள் போதும். அதற்குக் கீழே விடாதீர்கள். மேலே ஏற்றும்போது சரிவில் நின்றுபோகும்.

சாம்பல் பூனை (பாஸ்டனிலிருந்து சார்லட்டுக்கு)

என்னுடையது மின்சாரக் கார். பாதிச் சார்ஜோடு கொடுங்கள் என்றார்கள், கொடுத்தேன். நிறுத்தியிருக்கும்போது சுற்றிலும் வேவு பார்க்கும் கேமராவை அணைக்க மறந்துவிட்டோம். டிரெய்லரின் மேல் காற்றில் ஆடுகிற கிளை, கடந்துபோகிற லாரி, எல்லாவற்றையும் திருடன் என்று எண்ணி அது ஆறு நாள் விழித்திருந்தது. குளிரும் தன் பங்கைத் தின்றது. இறங்கும்போது 4 சதவீதம் மிச்சம். கதவோடு பொருந்திய கைப்பிடிகள் வேறு ஐஸில் மூடிப்போய், ஓட்டுநர் உள்ளங்கையால் தட்டித் தட்டித் திறந்தாராம்.

இன்னொரு கூத்து. முன்கண்ணாடியில் சுங்கக் கட்டண அட்டையை எடுக்காமல் விட்டேன். ஐ-95 நெடுக ஒவ்வொரு சுங்க வாயிலிலும் லாரியும் கட்டணம் கட்டியது, லாரியின் முதுகில் உட்கார்ந்துபோன என் காரும் கட்டியது.

வெண்பனி

தம்பி, உங்கள் பதிவை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். இரும்பு தோலைப் பிடிக்கும் என்ற இடத்தில் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அந்த ஓட்டுநர் மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச வருத்தமும் போய்விட்டது. இழப்பீட்டுக்காரர்கள் மேல் இருப்பது போகவில்லை, அதை வைத்துக்கொள்கிறேன்.

என் அலுவலகத் தோழி அடுத்த மாதம் மினியாபொலிஸிலிருந்து இங்கே வருகிறாள். நீங்கள் எல்லோரும் எழுதியதைத் தொகுத்து அனுப்பினேன். கழுவும் நிலையத்தின் நேரம், அன்றைய தேதியில் படம், கைப்பிரேக், சுங்க அட்டை, டிக்கியில் சோடா கூடாது. கடைசியில் தும்புத்தடியும் ஒரு பிளாஸ்க் தேநீரும் என்று சேர்த்தேன். பால் சேர்க்கலாமா என்று கேட்கிறாள்.

லொறிக்காரன்

பால் வேண்டாம் அக்கா, ஆடை படிந்து உறைந்துவிடும். இஞ்சி தட்டிப் போட்டால் நல்லது.